அக்கார்டியன் துருத்தியைச் சரிபண்ணத் தெரிஞ்சவங்க இருக்கீங்களா?

குழுவுல இருக்கிற அண்ணன்மார், அக்காமாருக்கு வணக்கம். கொழிஞ்சாம்பாறையில இருந்து எழுதறேன்.

2024 ஜனவரி 15 அன்னைக்கு கே.ஜே. ஜாய் சார் சென்னையில காலமாயிட்டார். திருச்சூர்க்காரர். எம்.எஸ்.வி.க்கு அக்கார்டியன் வாசிச்சவர், 1975ல 'லவ் லெட்டர்' மூலமா மலையாளத்துல இசையமைப்பாளரானார். எம்.எஸ்.வி.யும் நம்ம எலப்புள்ளியில பிறந்தவர்தானே, ரெண்டு பேருமே எங்களுக்கு வீட்டு ஆளுங்க மாதிரி.

வர்ற ஞாயிறு சாயங்காலம் வாசகசாலையில ஜாய் சார் பாட்டுகளை வாசிக்கப் போறோம். இருக்கிறது எங்க மாமாவோட பழைய அக்கார்டியன் ஒண்ணுதான். பெட்டியைத் திறந்து பார்த்தா துருத்தி மடிப்பு மூலையில ரெண்டு இடத்துல தோல் வெடிச்சிருக்கு. இழுத்தா ஸ்வரத்துக்கு முன்னாடி காத்துதான் வருது. டேப் ஒட்டிப் பார்த்தோம், நாலு இழுப்புக்கு மேல நிக்கல. கீபோர்டுலயே அந்தச் சத்தத்தை வச்சு வாசிச்சிடலாம்னு பசங்க சொல்றாங்க. அவருக்குச் செய்யற அஞ்சலியில அக்கார்டியன் இல்லாம எப்படிங்க? எனக்கு மனசு வரல.

பாலக்காடு, பொள்ளாச்சி, கோயமுத்தூர்ப் பக்கம் பழுது பார்க்கிறவங்க யாராச்சும் தெரிஞ்சா சொல்லுங்க. இல்லேன்னா ஒரு நாளைக்கு அக்கார்டியன் இரவல் கிடைக்குமா? நானே வந்து வாங்கிக்கிறேன், திங்கக்கிழமை காலையில பத்திரமா திருப்பிக் கொடுத்துடறேன்.