வீட்டோடு ஆள் வைத்திருக்கிறீர்களா? முதலில் தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள்

காட்பாடியிலிருந்து:

படுக்கையிலோ வீல்சேரிலோ இருப்பவருக்கு ஏஜென்சி மூலம் ஆள் போட்ட வீடுகளில் அடி, திட்டெல்லாம் கடைசியில்தான் வரும். முதலில் குறைவது தண்ணீர். கொடுத்தால் யூரின் பேக் நிரம்பும், ராத்திரி எழுந்திருக்க வேண்டும். அதனால் பொழுது சாய்ந்ததும் பாட்டில் மெதுவாக ஜன்னல் மேடைக்குப் போய்விடும், கை எட்டாது. வேலூர் கத்திரி வெயிலில் இது விபரீதம். கழுத்துத் தண்டுவடத்தில் அடிபட்டவருக்கு அதற்குக் கீழே சரியாக வியர்க்காது, உடம்புச் சூடு இறங்க வழியில்லை. கூடவே சிறுநீர்த் தொற்று, குளிர்காய்ச்சல்.

2 லிட்டர் பேக்கில் அளவுக்கோடு இருக்கும். கொட்டும் முன் நேரம், மில்லி, நிறம் மூன்றையும் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். தினம் 1,500 வந்தது 700 ஆகி, நிறமும் டீ டிகாஷன் மாதிரி ஆனால் கேளுங்கள். எடுத்த எடுப்பில் பழி போடாதீர்கள்; ட்யூப் மடங்கியிருக்கலாம், இதயக் கோளாறுக்காக டாக்டரே தண்ணீரைக் குறைத்திருக்கலாம். ட்யூப் மடங்கி, கழுத்தில் அடிபட்டவருக்குத் தலை வெடிக்கிற வலியும் முகமெல்லாம் வியர்வையுமாக இருந்தால் நிமிர்த்தி உட்காரவைத்து ட்யூபை நேராக்குங்கள். பிரஷர் ஏறுகிறது, ஆஸ்பத்திரிக்குத் தாமதிக்காதீர்கள்.

குடியாத்தத்திலிருந்து:

காட்பாடி அக்கா சொன்னதோடு முதுகுப்பக்கத்தையும் பாருங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்ட வேண்டும். இல்லாவிட்டால் வால் எலும்பு, இடுப்பு, குதிகாலில் படுக்கைப்புண் வரும். புண் தொடங்கும்போது நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. புறங்கையால் தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கும். ஆனால் 70 கிலோ ஆளை ஒற்றை ஆள் 12 மணி நேரம் புரட்டினால் அவர் இடுப்பு என்னாவது? பழைய வேட்டியை நாலாக மடித்து அடியில் போட்டு, வீட்டில் ஒருவர் மறுமுனை பிடியுங்கள். வார லீவும் கொடுங்கள். பாதி அலட்சியம் அசதியில் பிறப்பது.

விசாரிக்கும்போது பார்த்துக்கொள்பவரைக் கடைக்கு அனுப்பிவிடுங்கள். "நல்லா பாத்துக்கிறாங்களா?" என்றால், "நல்லாத்தான் கீது" என்றுதான் பதில் வரும். "கடைசியா எப்போ தண்ணி குடிச்ச?" என்று கேளுங்கள். பேச முடியாதவருக்கு ஆம் என்றால் ஒருமுறை கண் சிமிட்டல், இல்லையென்றால் இருமுறை.

உதவித்தொகை வரும் கணக்கின் ஏடிஎம் பின் நம்பர் பார்த்துக்கொள்பவரிடம் வேண்டாம். எஸ்எம்எஸ் வரும் போனும்தான்.

சத்துவாச்சாரியிலிருந்து:

புகார் என்றால் பலரும் ஏஜென்சியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர்கள் ஆளை மாற்றுவார்கள். அதே ஆள் அடுத்த வீட்டுக்குப் போவார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பிரிவு 7-இன்படி யார் வேண்டுமானாலும் நிர்வாக நடுவரிடம் தகவல் தரலாம், பக்கத்து வீட்டுக்காரர்கூட. நம் மாவட்டத்தில் அதற்குப் போக வேண்டியது வேலூர், குடியாத்தம் ஆர்டிஓ அலுவலகங்கள். (லைசென்ஸ் எடுக்கும் ஆர்டிஓ இல்லை, வருவாய்க் கோட்டாட்சியர்!) போலீசுக்குப் போனால், பாதுகாப்பு கேட்கும் உரிமையையும் இலவச சட்ட உதவியையும் அவர்களே எடுத்துச் சொல்ல வேண்டும்.

பிரிவு 92-இல் தெரிந்தே சாப்பாடு, தண்ணீர் மறுப்பது குற்றம். உதவிக்கருவியைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதும் குற்றம். வீல்சேரைத் தள்ளி வைப்பது அதில் வரும். 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை, அபராதம். மனுவில் "சரியாகப் பார்க்கவில்லை" என்று எழுதினால் எடுபடாது. எந்தத் தேதி, எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை தண்ணீர் இல்லை என்று எழுதி, அந்தக் காலண்டர் தாள்களின் ஜெராக்ஸை இணையுங்கள். ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் பிரதியில் சீல் போட்டு வாங்கிய பிறகுதான் கிளம்ப வேண்டும்.