ரெட் ரிவர் கார்ஜ்: மணற்கல் வளைவுகளையும் அருவிகளையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

கேள்வி: கொலம்பஸ்வாசி

வணக்கம். நாங்கள் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் வசிக்கிறோம். ஏப்ரல் கடைசியில் ஊரிலிருந்து என் பெற்றோர் வருகிறார்கள். அப்போது ஒரு வார இறுதியில் அவர்களைக் கென்டக்கியில் உள்ள ரெட் ரிவர் கார்ஜுக்கு அழைத்துச் செல்லலாம் என்று நானும் கணவரும் எண்ணியிருக்கிறோம். அப்பாவுக்கு வயது அறுபத்தெட்டு என்றாலும் நன்றாக நடப்பார். அம்மாவுக்கு மூட்டுவலி இருப்பதால் படி இறங்குவதுதான் சிரமம். ஒன்பது வயது மகளுக்கோ ஓரிடத்தில் நிற்கும் பழக்கமே இல்லை.

படங்களைப் பார்த்தால் ஒன்றில் பெரிய மணற்கல் வளைவும் அடுத்ததில் காட்டுக்குள் கொட்டும் அருவியும் இருக்கின்றன. இவை ஒரே பாதையில் வருகின்றனவா, அல்லது ஒவ்வொன்றுக்கும் தனியாக நடக்க வேண்டுமா என்பது எனக்கு விளங்கவில்லை. கரடி, பாம்பு பற்றிய எச்சரிக்கைகளையும் படித்தேன். குழந்தையையும் பெரியவர்களையும் அழைத்துச் செல்பவர்கள் உண்மையில் எதற்கு அஞ்ச வேண்டும் என்பதையும் சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: லெக்சிங்டன் நடையர்

வணக்கம் சகோதரி. வளைவுகளுக்குப் பெயர்போன அந்தப் பள்ளத்தாக்கில் அருவிகள் சிறியவை, மழையை நம்பியவை என்பதை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் போய், பாறையில் ஈரம் மட்டும் கசிவதைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்துடன் திரும்புபவர்கள் பலர். நீங்கள் தேர்ந்தெடுத்துள்ள ஏப்ரல் நல்ல காலம். ஓடைகளில் நீர் இருக்கும். மரங்கள் முழுதாகத் தழைத்திருக்காது என்பதால் எதிர்ச்சரிவின் பாறைமுகங்களும் கண்ணுக்குத் தெரியும்.

வளைவையும் அருவியையும் ஒரே நடையில் பார்க்க வேண்டுமானால் என் பரிந்துரை ராக் பிரிட்ஜ் பாதைதான். சுமார் ஒன்றரை மைல் நீளமுள்ள வட்டப்பாதை அது. ஹெம்லாக் மரங்களும் ரோடோடென்ட்ரான் புதர்களும் அடர்ந்த சரிவில் இறங்கினால் முதலில் கிரியேஷன் அருவி வரும். உயரம் அதிகமில்லை; ஆனால் அகலமான பாறைப் படிவிலிருந்து நீர் விழும் இடத்தில் மணல் திட்டு ஒன்று இருப்பதால் குழந்தைகள் அங்கிருந்து கிளம்பவே மாட்டார்கள். அதைக் கடந்து சிறிது தூரம் நடந்தால், ஸ்விஃப்ட் கேம்ப் ஓடையின் மேல் உண்மையான பாலம் போலவே ராக் பிரிட்ஜ் நிற்கும். அந்தப் பகுதியின் மற்ற வளைவுகளெல்லாம் மேட்டிலும் முகட்டிலும் இருக்க, இது ஒன்றுதான் ஓடும் நீரின் மேல் இருக்கிறது. அங்கே செல்லும் சாலையின் கடைசிப் பகுதி சரளைக்கல் என்பதால் மெதுவாக ஓட்டுங்கள். பாதை தொடக்கத்தில் இறங்கி, முடிவில் ஏறும். ஆகவே உங்கள் அம்மாவுக்கு இது ஏற்றதல்ல என்றுதான் நினைக்கிறேன்.

அவருக்கு நேச்சுரல் பிரிட்ஜ் மாநிலப் பூங்கா பொருந்தும். அது கார்ஜை ஒட்டி ஸ்லேடு என்ற சிற்றூரில் இருக்கிறது. 78 அடி நீளமும் 65 அடி உயரமும் கொண்ட அந்த வளைவுக்கு 1890களில் ரயில் நிறுவனம் அமைத்த முக்கால் மைல் பாதை இன்றும் பயன்பாட்டில் உள்ளது. நடக்க இயலாதவர்கள் கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலியில் ஏறிப் போகலாம். இறங்கும் இடத்திலிருந்து வளைவின் மேற்பரப்பு ஏறக்குறைய 600 அடி தூரம்தான். நாற்காலி நகரும்போதே உட்கார வேண்டியிருக்கும் என்பதைப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். அது பருவத்துக்கு ஏற்ப இயங்குவதால், புறப்படுமுன் பூங்காவில் நேரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அஞ்ச வேண்டியதைக் கேட்டிருந்தீர்கள். கருங்கரடிகள் உண்டு, உணவை வெளியே விட்டுவைக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. காப்பர்ஹெட் என்ற நச்சுப்பாம்பு, விரியன் குடும்பத்தைச் சேர்ந்த கிலுகிலுப்பைப் பாம்பு ஆகியவையும் உண்டு. கல்லிடுக்கில் கையை விடாதிருந்தால் போதும். ஆனால் அங்கே உயிரைக் குடிப்பது பாறை விளிம்புதான். நேச்சுரல் பிரிட்ஜின் மேற்பரப்பு அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால் அபாயமே தெரியாது. தடுப்புக் கம்பியும் கிடையாது. மழை பெய்தபின் மணற்கல்லின் மீது பாசியும் உதிர்மணலும் சேர்ந்தால் காலணி எதுவானாலும் வழுக்கும். மகளின் கையை யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், படம் எடுக்கும் நேரத்திலும்.

மறுமொழி: பாறைப்பித்தன்

மேலே நண்பர் சொன்னதற்குப் பின்னால் உள்ள காரணத்தை மட்டும் சேர்க்கிறேன். வளைவும் அருவியும் ஏன் ஒன்றாக அமைவதில்லை என்பதற்கான விடை அந்தப் பாறையிலேயே இருக்கிறது.

அங்கே நீங்கள் காணும் செங்குத்துப் பாறைகள் கார்பின் மணற்கல். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணல் இறுகி உருவானவை. கிட்டே போய்ப் பார்த்தால் வெண்ணிறக் கூழாங்கற்கள் பதிந்திருப்பதைக் காணலாம். இந்தக் கடினமான அடுக்கின் கீழே மென்மையான பாறைகள் இருப்பதால் அடிப்பகுதி விரைவாக அரிக்கப்பட்டு, மேற்பகுதி தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கிறது. குறுகலான முகடு ஒன்றில் இருபுறமும் இப்படிக் குடைவுகள் உண்டாகி, பிளவுகளில் நீர் உறைந்தும் உருகியும் கற்களைப் பெயர்க்க, இறுதியில் இரண்டு குடைவுகளும் சந்திக்கும்போது வளைவு பிறக்கிறது. முகட்டின் உச்சியில் ஓடை இராது. ஆகவே அருவியும் இராது. அங்குள்ள ஸ்கை பிரிட்ஜ், பிரின்சஸ் ஆர்ச் போன்ற வளைவுகளின் கதை இதுதான்.

ராக் பிரிட்ஜ் பிறந்த விதம் வேறு. அந்த இடத்தில் ஒரு காலத்தில் அருவி இருந்தது. விழும் இடத்துக்குச் சற்று முன்பே பாறையில் இருந்த பிளவில் நீர் இறங்கத் தொடங்கி, அதை அகலமாக்கி, கீழ்வழியாகவே போய்விட்டது. அருவியின் பழைய உதடு மட்டும் மேலே பாலமாக எஞ்சியது. எனவே அங்கே நீங்கள் பார்ப்பதே ஓர் அருவியின் மிச்சம்தான். கிரியேஷன் அருவியைப் பார்த்துவிட்டு அங்கே சென்றால், இரண்டையும் ஒப்பிட்டு உங்கள் மகளுக்கு எளிதாக விளக்கலாம்.

இன்னொன்று. குடைவுகளின் மணல்தரையில் வெண்முடிப் பொற்கோல் என்று சொல்லத்தக்க ஒரு மஞ்சள் பூச்செடி வளர்கிறது. உலகில் இந்தப் பள்ளத்தாக்குப் பகுதியைத் தவிர வேறெங்கும் அது இல்லை. மிதிபட்டே அழியும் நிலைக்குப் போன அந்தச் செடி 1988இல் பாதுகாக்கப்பட்ட இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, எண்ணிக்கை தேறியபின் 2016இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. வேலியிட்ட குடைவுக்குள் போய் உட்கார்ந்து உணவுப் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம்.

மறுமொழி: மழைக்காடன்

காப்பராஸ் அருவியை யாருமே சொல்லவில்லையே! அந்தப் பகுதியிலேயே அழகானது அதுதான். குதிரைலாட வடிவப் பாறைக்குடையின் விளிம்பிலிருந்து மெல்லிய தாரையாக நீர் விழும்; பின்னால் சென்று நின்று பார்க்கலாம். போக வர மூன்று மைல் அளவுதான், பெரிய ஏற்றமும் இல்லை. கிரியேஷன் அருவியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது நியாயமாகப் படவில்லை.

மறுமொழி: லெக்சிங்டன் நடையர்

அழகைப் பற்றி உங்களோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அது வனத்துறை பராமரிக்கும் பாதையல்ல. ஓடையை ஒட்டிக் கால்தடம் பட்டு உண்டான வழி. பலகையும் அடையாளமும் கிடையாது, ஓடையைப் பலமுறை கடக்க வேண்டும். அருவியில் நீர் நன்றாக விழும் நாள்தான் ஓடையைக் கடக்கக் கடினமான நாளும்கூட. இளைஞர்கள் தனியாகப் போனால் நானே வற்புறுத்துவேன். இந்தக் குடும்பத்தில் அப்பாவும் கணவரும் மட்டும் ஒரு காலைப்பொழுதில் போய்வரலாம்.

எல்லோரும் சற்று நீளமாக நடக்க முடியுமானால் அதைவிடக் கிரேஸ் ஆர்ச் மேல். ஏறக்குறைய நான்கு மைல் சுற்று. முகட்டுக் காட்டில் சமதரையாகப் போய், மரப்படிகளில் இறங்கினால், மலைச்சரிவிலிருந்து பாய்ந்து நிற்கும் பிரம்மாண்டமான வளைவைக் கீழிருந்து அண்ணாந்து பார்க்கலாம். மழைக்குப் பிறகு பக்கத்துப் பாறையிலிருந்தும் நீர் கொட்டும்.

கொலம்பஸ்வாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. சனிக்கிழமை காலை நேச்சுரல் பிரிட்ஜ், ஞாயிறன்று நாங்கள் மூவரும் அப்பாவும் ராக் பிரிட்ஜ் என்று முடிவு செய்திருக்கிறோம். அம்மா விடுதியில் ஓய்வெடுப்பார். ஞாயிறன்று திரும்பும் வழியில் அம்மாவும் காரில் உடன் வரும்போது, அதிகம் நடக்காமல் பார்க்கத்தக்கது ஏதேனும் உண்டா? சைவ உணவு கிடைக்குமா?

மறுமொழி: பாறைப்பித்தன்

நாடா சுரங்கப்பாதை வழியாக ஓட்டிச் செல்லுங்கள். வெட்டிய மரங்களை ஏற்றிவரும் ரயிலுக்காக 1910களின் தொடக்கத்தில் குடையப்பட்ட அது 900 அடி நீளம் கொண்டது. இன்று ஒரே தடம் உள்ள சாலை; எதிரே விளக்கு தெரிந்தால் நின்று வழிவிட வேண்டும். அதைக் கடந்தால் சாலை சிறிது நேரத்தில் ரெட் ரிவரின் கரைக்கு வந்துவிடும். அம்மா காரை விட்டு இறங்காமலே ஆற்றைப் பார்க்கலாம்.

அந்த ஆறு இப்படி ஓடிக்கொண்டிருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1960களில் அங்கே அணை கட்டும் திட்டம் இருந்தது. அதை எதிர்த்து 1967 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் ஓ. டக்ளஸ் நூற்றுக்கணக்கானோருடன் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்தார். பல ஆண்டு வழக்குக்கும் எதிர்ப்புக்கும் பிறகு திட்டம் கைவிடப்பட்டது. 1993இல் ஆற்றின் 19.4 மைல் பகுதிக்குக் கூட்டரசுப் பாதுகாப்பும் கிடைத்தது.

உணவைப் பொறுத்தவரை ஸ்லேடில் பீட்சா கிடைக்கும். அதற்கு மேல் எதிர்பார்க்காமல் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். பள்ளத்தாக்குக்குள் கைபேசிக்குப் பெரும்பாலும் சமிக்ஞை இராது என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறன்று அம்மாவை எத்தனை மணிக்கு அழைக்க வருவீர்கள் என்பதையும் காலையிலேயே சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.