சால்ஸ்பர்க்கிலிருந்து ராவென்னா வரை: மலையும் கோட்டையும் மொசைக் தரைகளும்

இத்தாலியின் ராவென்னா நகரிலுள்ள, சிறு கல், கண்ணாடிச் சில்லுகளைப் பதித்து உருவாக்கிய மொசைக் ஓவியங்களைப் பார்க்க விரும்புகிறவர்களில் பலர் பொலோனியா வரை விமானத்தில் வந்து, அங்கிருந்து ரயிலில் போய் அன்று மாலையே திரும்பிவிடுகிறார்கள். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் நானும் என் மனைவியும் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் ஒரு காரை வாடகைக்கு எடுத்து, ஆல்ப்ஸ் மலையைக் குறுக்காகக் கடந்து, கேரிந்தியா மாநிலத்தில் இறங்கி, அக்விலேயா, கிராடோ ஆகிய ஊர்களின் வழியாக ராவென்னாவை அடைந்தோம். இந்த வரிசையில் பார்த்ததால்தான் அந்த ஓவியங்களுக்குப் பின்னால் இருக்கும் பணமும் பயமும் வேண்டுதலும் எங்களுக்குப் புலப்பட்டன என்று உறுதியாக நம்புகிறேன். அதனால் இடங்களை நாங்கள் கண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் சில நடைமுறைச் செய்திகள். இந்திய ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்கள் ஊரிலேயே பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியைப் பெற்றுச் செல்ல வேண்டும். எல்லை தாண்டிச் செல்லப்போவதை வாடகை நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லி எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. ஆஸ்திரியாவின் விரைவுச் சாலைகளுக்கு விக்னெட் என்னும் கட்டண வில்லை தேவை. இத்தாலியில் பெரும்பாலான விரைவுச் சாலைகளில் தூரத்தைப் பொறுத்துச் சுங்கம் கட்ட வேண்டும். மலைப்பாதைக்கு இவை தவிரத் தனிக் கட்டணம் உண்டு.

அந்த மலைப்பாதைதான் கிராஸ்குளோக்னர் உயர் ஆல்ப்ஸ் சாலை. பொறியாளர் ஃபிரான்ஸ் வாலாக் திட்டமிட்டு அமைத்த இந்தச் சாலை 1935 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 48 கிலோமீட்டர் நீளமும் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்டது. பனிப்பொழிவு காரணமாக மே மாதத் தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான் திறந்திருக்கும், இரவில் மூடிவிடுவார்கள். ஒரு காருக்கு 40 யூரோவுக்கு மேல் கட்டணம் என்றதும் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். பகல் முழுவதையும் அங்கேயே செலவிட்டால் அந்தப் பணம் வீணில்லை. ஆனால் ஏறி இறங்கி ஒரு மணி நேரத்தில் மறுபக்கம் போய்விட நினைப்பவர்கள் வேறு வழியில் செல்வதே மேல்.

சாலையிலிருந்து கிளை பிரியும் ஒரு பாதை 2,369 மீட்டர் உயரத்தில் உள்ள கைசர் ஃபிரான்ஸ் யோசஃப் மேட்டில் முடிகிறது. பேரரசர் ஃபிரான்ஸ் யோசஃபும் பேரரசி எலிசபெத்தும் 1856-இல் வந்து சென்ற இடம் என்பதால் அந்தப் பெயர். எதிரே 3,798 மீட்டர் உயரமுள்ள கிராஸ்குளோக்னர் சிகரமும், கீழே ஆஸ்திரியாவின் மிக நீளமான பனியாறாகிய பாஸ்டர்ட்ஸேயும் தெரிகின்றன. பனியாறு என்று எதிர்பார்த்துப் பார்த்தால், கண்ணில் முதலில் படுவது சாம்பல் நிறப் பாறைச் சரிவும் அடியில் தேங்கிய கலங்கல் நீரும்தான்; பனி வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. அங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஓய்வெடுத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர், தாம் சிறுவனாக இருந்தபோது இழுவை ரயிலில் கீழே இறங்கி, நிலையத்திலிருந்து சிறிது தூரம் நடந்ததுமே பனியில் கால் வைத்ததாகச் சொன்னார். 1963-இல் பனியின் விளிம்புக்கு மக்களைக் கொண்டு செல்லவே அமைக்கப்பட்டது அந்த ரயில். இறங்கும் பாதையில் பனி எந்த ஆண்டு எதுவரை இருந்தது என்று காட்டும் பலகைகள் வரிசையாக நிற்கின்றன. அவர் இறங்கவில்லை, பார்த்தது போதும் என்றார்.

இந்தச் சாலையின் ஹோக்டோர் கணவாய், ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில், புதிதாகக் கண்டுபிடித்த வழி அன்று. சாலைப் பணியின்போது 1933-இல் அங்கே ரோமானியர் காலத்து ஹெர்குலிஸ் வெண்கலச் சிலை ஒன்று கிடைத்தது. சுமையோடு கணவாயைக் கடந்த யாரோ, நல்லபடியாக இறங்க வேண்டும் என்று வைத்துவிட்டுப் போன காணிக்கையாக இருக்கலாம். தெற்குச் சரிவில் இறங்கியதும் ஹைலிகன்பிளூட் கிராமமும் அதன் கூரிய தேவாலயக் கோபுரமும் வருகின்றன. நாட்காட்டிகளில் பார்த்துப் பழகிய காட்சி. படம் எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தோம்.

மோல் பள்ளத்தாக்கு வழியாக ஸ்பிட்டால் நகரை நெருங்கும்போது, டெயுர்னியா என்ற பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சுற்றுலாப் பேருந்துகள் இங்கே நிற்பதில்லை. ரோமானியர் காலத்தில் நோரிக்கம் என அழைக்கப்பட்ட இப்பகுதியின் முக்கிய நகரமாகவும், பின்னர் ஆயரின் இருப்பிடமாகவும் இருந்தது டெயுர்னியா. ஊருக்கு வெளியே கல்லறைகளிடையே நின்ற ஒரு தேவாலயத்தின் பக்கச் சிற்றறையில், கி.பி. 500-ஐ ஒட்டிப் பதிக்கப்பட்ட மொசைக் தரை அப்படியே கிடைத்திருக்கிறது. இன்று அதன் மேல் ஒரு காப்புக் கட்டடம் நிற்கிறது. கட்டங்களாகப் பிரித்த தரையில் மான், பாம்போடு போராடும் பறவை, குஞ்சுகளோடு வாத்து, கிண்ணத்தின் மேல் புறா என்று தனித்தனி உருவங்கள். கைத்திறன் உயர்ந்தது என்று சொல்ல மாட்டேன். கால்களின் அளவும் கழுத்தின் வளைவும் பல இடங்களில் பிசகியிருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். மேற்கு ரோமப் பேரரசு 476-இல் விழுந்துவிட்டது. மக்கள் பள்ளத்தாக்கை விட்டு மதில் சூழ்ந்த குன்றின் மேல் குடியேறிவிட்டார்கள். இருந்தும் ஆளுநர் ஊர்சுஸ் என்பவர் கல் பதிக்கும் கைவினைஞரைத் தேடிப்பிடித்து இந்தத் தரையைப் போட வைத்திருக்கிறார். தாமும் மனைவி ஊர்சினாவும் வேண்டிக்கொண்டதை நிறைவேற்ற இதைச் செய்ததாகத் தரையிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்.

நேர்த்திக்கடன்! ஊர்க் கோயிலின் குழல்விளக்கில் வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயதாரர் பெயரை எழுதிவைக்கும் வழக்கத்தைக் கேலி செய்தே வளர்ந்தவன் நான். ஊர்சுஸின் பெயரை வாசித்தபோது அந்தக் கேலி என்னிடம் எழவில்லை. நாங்கள் நெடுநேரம் நிற்பதைக் கண்ட காவலர் அம்மையார் அருகில் வந்து, கணவன் மனைவி இருவர் பெயரும் சேர்ந்திருப்பதைத் தாமாகவே சுட்டிக்காட்டினார். குழந்தை வேண்டியா, நோய் தீரவா, படையெடுப்பிலிருந்து தப்பவா என்று அவரிடம் கேட்டேன். வேண்டுதல் என்ன என்று கல்வெட்டு சொல்லவில்லை என்றும், வருகிறவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்றும் சிரித்தார். 6-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்லாவியர் இப்பகுதிக்கு வந்தபின் டெயுர்னியா நகரம் மறைந்துவிட்டது.

கேரிந்தியாவில் பயத்தின் அடுத்த அடையாளம் ஹோகோஸ்டர்விட்ஸ் கோட்டை. சமவெளியில் தனித்து எழும் செங்குத்தான பாறையின் உச்சியில் அமைந்தது இது. கேவன்ஹுல்லர் குடும்பத்தைச் சேர்ந்த கேயார்க் 1571-இல் இதை விலைக்கு வாங்கி, துருக்கியரின் தாக்குதலை எதிர்பார்த்து, பாறையைச் சுற்றி ஏறும் 620 மீட்டர் பாதையில் 14 வாயில்களை அமைத்தார். ஒரு வாயிலை உடைத்து உள்ளே வருகிறவன் அடுத்த வாயிலுக்கும் முந்தைய சுவருக்கும் இடையே சிக்கிக்கொள்ளும்படி, மேலிருந்து எறிவதற்கும் சுடுவதற்கும் துளைகளும் திறப்புகளும் விட்டிருக்கிறார்கள். கோட்டை யாராலும் கைப்பற்றப்படவில்லை என்பது அவர்கள் பெருமை. இன்றும் அதே குடும்பத்தின் உடைமை. மேலே செல்ல மின்தூக்கி இருந்தாலும், நடந்து போனால்தான் 14 வாயில்களின் கணக்கு உடம்புக்கு விளங்கும். உச்சியிலுள்ள ஆயுதக் காட்சியை நான் விரைவாகவே பார்த்து முடித்தேன்.

முற்றுகையில் உணவு தீர்ந்துபோக, கடைசி எருதைக் கொன்று அதன் வயிற்றில் கடைசித் தானியத்தை நிரப்பி மதிலுக்கு வெளியே எறிந்ததாகவும், உள்ளே இன்னும் உணவு மிகுந்திருக்கிறது என்று நம்பி, முற்றுகையிட்ட டிரோல் சீமாட்டி மார்கரேத் மவுல்டாஷ் படையோடு திரும்பிப் போனதாகவும் இங்கே ஒரு கதை சொல்கிறார்கள். இதே கதை ஐரோப்பாவின் வேறு கோட்டைகளிலும் வழங்குகிறது. ஆகவே ரசிக்கலாம், வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தார்விசியோ வழியாக இத்தாலிக்குள் நுழைந்து உதினேயைத் தாண்டியதும் மலை பின்னால் போய்விடுகிறது. மக்காச்சோள வயல்களிடையே நேர்கோடாகச் செல்லும் சாலையில் அக்விலேயாவின் 73 மீட்டர் உயர மணிக்கோபுரம் வெகு தொலைவிலேயே தெரிகிறது. கி.மு. 181-இல் ரோமர்கள் நிறுவி, பேரரசின் பெருநகரங்களில் ஒன்றாக வளர்ந்து, 452-இல் அட்டிலாவின் ஹூணர்களால் சூறையாடப்பட்ட நகரம் இது. இன்று சிற்றூர். இந்தப் பயணத்தில் ஓரிடத்துக்கு மட்டுமே நேரம் இருக்கிறது என்பவருக்கு, ராவென்னாவை விட்டுவிட்டும் அக்விலேயாவைச் சொல்வேன்.

கிறிஸ்தவர்கள் வெளிப்படையாக வழிபடலாம் என்று 313-இல் அனுமதி கிடைத்ததும், ஆயர் தெயோதோர் இங்கே மண்டபங்களைக் கட்டித் தரையெங்கும் மொசைக் பதித்தார். அவர் 314-இல் ஆர்ல் நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் கலந்துகொண்டவர். பிற்காலத் தளங்களுக்கு அடியில் நூற்றாண்டுகளாகப் புதைந்திருந்த அந்தத் தரை 1909-இல் வெளிப்பட்டது. இன்றுள்ள பேராலயம் 1031-இல் ஆயர் தலைவர் போப்போ காலத்தில் அர்ப்பணிக்கப்பட்டது. அதன் தளத்தை நீக்கி, ஏறத்தாழ 760 சதுர மீட்டர் மொசைக்கைத் திறந்து வைத்து, ஓரமாகக் கண்ணாடி நடைபாதை அமைத்திருக்கிறார்கள்.

கிழக்கு முனை முழுவதும் கடல். மீன்கள், கணவாய் மீன்கள், தூண்டில் போடும் சிறகுள்ள குழந்தைகள். அவற்றினிடையே விவிலியத்தின் இறைவாக்கினர் யோனாவைப் படகிலிருந்து எறிகிறார்கள், பாம்புபோல் சுருண்ட வாலுடைய ஒரு கடல் விலங்கு விழுங்குகிறது, பிறகு கக்குகிறது. கடைசியில் யோனா சுரைப் பந்தலின் கீழ் காலை நீட்டிப் படுத்திருக்கிறார். மூன்று நாள் கல்லறையிலிருந்து எழுந்த கிறிஸ்துவின் முன்னடையாளமாக இக்கதையை அக்காலக் கிறிஸ்தவர்கள் கொண்டார்கள். ஆனால் தூண்டில்காரர்களையும் மீன்களையும் தீட்டியவர் ஒரு ரோமானியச் செல்வரின் மாளிகைக்கும் இதையே செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. சமயம் புதிது, கை பழையது. மணிக்கோபுரத்தின் பக்கத்தில் படியிறங்கினால் வடக்கு மண்டபத்தின் தரை இருக்கிறது. அங்கே நத்தைகள் நிறைந்த கூடை, சேவலும் ஆமையும் மோதும் காட்சி ஆகியவற்றோடு, யானுவாரியுஸ் என்பவர் 880 அடி மொசைக்குக்குக் காணிக்கை கொடுத்ததாக எழுதியிருப்பதும் உண்டு. பிற்காலத்தில் மணிக்கோபுரத்துக்குக் கடைக்கால் போட்டவர்கள் இந்தத் தரையை நடுவில் துளைத்துக் கல்லை இறக்கிவிட்டார்கள். அந்தக் கடைக்கால் இன்றும் மொசைக்கின் நடுவே நிற்கிறது.

பின்புறத்தில் முதல் உலகப்போர் வீரர்களின் கல்லறை இருக்கிறது. 1921 அக்டோபரில், அடையாளம் தெரியாத வீரர்களின் 11 பெட்டிகளிலிருந்து, போரில் மகனை இழந்த மரியா பெர்காமாஸ் என்ற தாய் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது இந்த ஆலயத்தினுள்தான். அந்தப் பெட்டி ரோமுக்குச் சென்றது. எஞ்சிய 10 இங்கேயே அடக்கமாயின. அங்கே பூவை மாற்றிக்கொண்டிருந்த உள்ளூர் மூதாட்டி ஒருவர், தம் பாட்டனார் ஆஸ்திரியப் பேரரசின் குடிமகனாகப் பிறந்து இத்தாலியின் குடிமகனாக இறந்தவர் என்றும், அதற்காக அவர் ஊரை விட்டு ஓர் அடியும் நகர்ந்ததில்லை என்றும் சொன்னார்.

அருகிலுள்ள கிராடோ தீவில், 579-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித எவுஃபேமியா ஆலயத்தின் தரை அலையலையான கோலத்தால் நிறைந்தது. இங்கே கொடையாளர் பெயர்கள் இன்னும் அதிகம். இத்தனை அடி என்று கணக்கோடு எழுதியிருக்கிறார்கள். அரை மணி நேரம் போதும்.

ராவென்னாவில் மொசைக் தரையை விட்டுச் சுவரிலும் கூரையிலும் ஏறிவிடுகிறது. பொன் தகடு வைத்த கண்ணாடிச் சில்லுகளைச் சற்றே சாய்த்துச் சாய்த்துப் பதித்திருப்பதால், நாம் நகரும்போது ஒளியும் நகர்கிறது. ரோமப் பேரரசி காலா பிளாசிடியாவின் பெயரால் வழங்கும் சிறு மண்டபத்தில் நீல வானமும் விண்மீன்களும் பேரழகுதான். கூட்ட காலத்தில் சில நிமிடங்களுக்கு மேல் நிற்க விடுவதில்லை. புனித அப்போலினாரே நுவோவோ ஆலயத்தில், கோத்திய மன்னர் தியோடரிக்கின் அரண்மனைக் காட்சியிலிருந்த மனிதர்களைப் பிற்காலத்தார் அகற்றித் திரைச்சீலைகளைப் பதித்துவிட்டார்கள். சில தூண்களின் மேல் மட்டும் பழைய கைகள் மிச்சமிருக்கின்றன. பயணிகள் பலர் அண்ணாந்து பார்த்தபடி கடந்துவிடுகிறார்கள். அந்தக் கைகளைத் தேடிப் பாருங்கள்.

புனித விட்டாலே ஆலயத்தில் பேரரசர் ஜஸ்டினியன் பொற்பாத்திரத்தோடும், எதிர்ச்சுவரில் அவர் மனைவி தியோடரா கிண்ணத்தோடும் நிற்கிறார்கள். காணிக்கை கொடுப்பவர்களாக நிற்கும் அவ்விருவரும் ராவென்னாவுக்கு வந்ததே இல்லை. கட்டடத்துக்கு 26,000 பொற்காசுகள் செலவழித்தவர் யூலியானுஸ் அர்ஜென்டாரியுஸ் என்று 9-ஆம் நூற்றாண்டில் ராவென்னாவின் வரலாற்றை எழுதிய அக்னெல்லுஸ் குறித்துவைத்திருக்கிறார். ஆனால் ஜஸ்டினியன் வரிசையில் தலைக்கு மேல் பெயர் பொறிக்கப்பட்டிருப்பவர் ஆயர் மாக்சிமியான் ஒருவரே. ஜஸ்டினியனுக்கும் மாக்சிமியானுக்கும் இடையில் பின்னால் நிற்கும் முகம்தான் யூலியானுஸ் என்று சிலர் கருதுகிறார்கள். டெயுர்னியாவின் கணவன் மனைவியை வாசித்துவிட்டு வந்த எனக்கு, இவ்வளவு கொடுத்தவரின் பெயர் அந்தச் சுவரில் இல்லாதது உறுத்தியது.

கூடுதலாக ஒரு நாள் இருப்பவர்கள் அக்விலேயாவிலிருந்து ஸ்லோவேனியா வழியாகக் குரோஷியாவின் போரெச்சுக்குப் போகலாம். ஸ்லோவேனியாவின் விரைவுச் சாலைகளுக்குத் தனி விக்னெட் வாங்க வேண்டும். குரோஷியா 2023-இல் ஷெங்கன் என்னும் ஐரோப்பியப் பொது விசாப் பகுதியில் சேர்ந்துவிட்டதால் அந்நாட்டுக்கெனத் தனி விசா தேவையில்லை. அங்கே 6-ஆம் நூற்றாண்டின் ஆயர் எவுஃப்ராசியுஸ், தாம் கட்டிய ஆலயத்தின் மாதிரியைக் கையில் ஏந்தியபடி, மரியாளையும் குழந்தை இயேசுவையும் நோக்கித் தாமே சுவரில் நிற்கிறார். பக்கத்தில் தலைமைத் திருத்தொண்டர் கிளவுதியுஸும் அவருடைய சிறு மகனும். அந்தச் சிறுவனுக்குக்கூடப் பெயர் எழுதியிருக்கிறார்கள்.