மறு: ஆன்ட்பிட்டாவுக்குத் தமிழ்ப் பெயர்

> ஈக்வடார் பயணக் கட்டுரையில் 'எறும்புப்பிட்டா' என்றே போட்டுவிடவா? நேரான பெயர், யாருக்கும் குழப்பம் வராது.

அக்கா, ஈக்வடார் காடுகளின் தரைப்பறவையான ஆன்ட்பிட்டாவை அப்படி அழைத்தால் குழப்பம் வரும். தெலுங்கில் 'பிட்ட' என்றால் சிறு பறவை. ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் அங்கிருந்துதான் போனது. அப்படியானால் எறும்புப்பிட்டா வெறும் எறும்புக்குருவி ஆகிவிடும். அதே காடுகளில் படையெறும்புகளின் பின்னால் திரியும் ஆன்ட்பேர்டுக்கு என்ன பெயர் வைப்பீர்கள்? ஆன்ட்பிட்டாவோ பெரும்பாலும் மண்புழுவும் பூச்சியும் தின்பது. நம் ஆறுமணிக் குருவி, அதாவது அசல் பிட்டா, அதற்கு நெருங்கிய உறவும் இல்லை.

பேரினப் பெயரைப் பாருங்கள்: கிரல்லேரியா. லத்தீனில் பொய்க்கால் என்ற சொல்லிலிருந்து வந்தது. உருண்டை உடம்பு, பெயருக்கு ஒரு வால், நீண்ட கால். 'நெட்டைக்காலி'யை வயல்வெளிப் பறவைக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். ஆகவே 'பொய்க்கால் குருவி' என்கிறேன்.

---

> ஆகவே 'பொய்க்கால் குருவி' என்கிறேன்.

தம்பி, காலைப் பார்க்கக் கிடைத்தால்தானே! மூங்கில் புதருக்குள்ளிருந்து கூவல் மட்டும் வரும். பக்கத்தில்தான் என்று நினைத்து ஓர் அடி வைத்தால் அதுவும் நின்றுவிடும். 'பதுங்கி' என்றுகூட யோசித்தேன். ஆனால் அந்தக் காட்டில் பதுங்காத தரைப்பறவை எது?

ஈக்வடாரின் மிண்டோ ஊர்ப் பக்கம் ஆங்கேல் பாஸ் என்ற விவசாயியின் நிலத்தில் மட்டும் கதை வேறு. பெரிய ஆன்ட்பிட்டா ஒன்றுக்கு மரியா என்று பெயரிட்டு, மண்புழு போட்டே பழக்கிவிட்டார். உலகமெங்கிருந்தும் ஆட்கள் அங்கே போகத் தொடங்கியது அதன் பிறகுதான். கூப்பிட்டால் பாதைக்கு வந்து நின்று புழுவை எடுக்கும். அப்போது பார்த்தால் உன் பொய்க்கால் பொருந்தத்தான் செய்கிறது. பெருமாள் கோயில் திருவிழாக் குதிரை நினைவுக்கு வந்தால் வரட்டும்.

ஒன்றை மட்டும் விட்டுத்தர மாட்டேன். தெற்கு ஈக்வடாரில் 1997இல் கண்டுபிடித்து 1999இல் விவரித்த இனத்துக்கு ஹொக்கோடோக்கோ என்று பெயர். அதன் கூவலைக் கேட்டு அங்குள்ளவர்கள் வைத்தது. அதைத் தமிழாக்காதே. 'ஹொக்கோடோக்கோ பொய்க்கால் குருவி' என்றே இருக்கட்டும். மரியாவின் இனம் 'பெரும் பொய்க்கால் குருவி'. இந்தக் குடும்பத்தில் ஐம்பதுக்கு மேல் இனங்கள் உண்டு. மீதிப் பட்டியலை நீயே தொடங்கு, முதலில் நிறப்பெயர் உள்ளவற்றை முடி.