எண்ணூர் கழிமுக நீர்: நெபுலைசர் அடைப்புக்குச் செலவு குறைந்த வழி வேண்டும்

நண்பர்களே, வணக்கம். எண்ணூர் கழிமுகத்து நீரில் ஈயம், காட்மியம், ஆர்செனிக் பார்க்கணும். லேப் மணலியில், கருவி ஐசிபி-ஓஇஎஸ் (சாம்பிளை ஆர்கான் பிளாஸ்மாவில் சூடாக்கி, தனிமங்கள் விடுற ஒளியை அளக்கும் கருவி). கடல் ஏறும் நேரத்துச் சாம்பிளில் லிட்டருக்கு 30 கிராமுக்கு மேல் உப்பு. சாம்பிளை நுண்துளியாகத் தெளிக்கும் கண்ணாடி கான்சென்ட்ரிக் (குழாய்க்குள் குழாய்) நெபுலைசரின் நுனியில், ஆர்கான் வெளியே வரும் இடத்தில்தான் உப்பு காய்ந்து படியுது. ஒப்பீட்டுக்காக எல்லாச் சாம்பிளிலும் ஒரே அளவு சேர்க்கிற இட்ரியத்தின் சிக்னல் மெல்ல இறங்கும்போதே தெரிஞ்சிடும். 0.45 மைக்ரான் வடிகட்டி கரைந்த உப்பைப் பிடிக்காது. ஆர்கானைத் தண்ணீர்க் குப்பி வழியே ஈரப்படுத்தினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்குது. 10 மடங்கு நீர்த்தால் அடைப்பு போயிடும், கூடவே காட்மியம் சிக்னலும்!

கம்பி விட்டுக் குத்தச் சொல்லாதீங்க, நுனி உடையும். அல்ட்ராசோனிக் நெபுலைசர் பட்ஜெட்டில் இல்லை.

ஆர்செனிக்குக்கு ஹைட்ரைடு முறை (ஆர்செனிக்கை வாயுவாக்கிக் கருவிக்கு அனுப்புறது) ஓடுது: சாம்பிளில் ஹைட்ரோகுளோரிக் அமிலம், பொட்டாசியம் அயோடைடு, அஸ்கார்பிக் அமிலம் சேர்த்து அரை மணி நேரம் வைத்து, பிறகு டி-இணைப்பில் 0.6% சோடியம் போரோஹைட்ரைடு (0.5% சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்தது). நுரையும் ஈரமும் டார்ச்சுக்கு (பிளாஸ்மா எரியும் குழாய்) ஏறி பிளாஸ்மா அணையுது.

வி-பள்ள நெபுலைசரை (வி வடிவப் பள்ளத்தில் சாம்பிள் ஓடுற வகை) உப்பு நீரில் ஓட்டுறவங்க, ஆர்எஸ்டி (திரும்பத் திரும்ப அளந்தால் வரும் சிதறல் சதவீதம்) எவ்வளவு வருது, ஆர்கான் ஓட்டம் எவ்வளவு வைக்கிறீங்க? ஹைட்ரைடு வாயுவிலிருந்து நுரையையும் ஈரத்தையும் பிரிக்க வாயு-திரவப் பிரிப்பான் ஊதிக் கொடுக்கிற கண்ணாடிக்காரர் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் இருக்காங்களா? பிரிப்பானின் உள்விட்டமும் கழிவுக் குழாய் அளவும் தெரிஞ்சவங்க சொல்லுங்க.