மஹ்மூத் எல் மெலிகி படங்கள்: எங்கிருந்து தொடங்கலாம்?

நண்பர்களே, வணக்கம். எகிப்தியப் படங்கள் பார்த்துப் பழகியவர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். இயக்குநர் யூசுப் ஷாஹீனின் 'நிலம்' படத்தைப் பார்த்ததிலிருந்து நடிகர் மஹ்மூத் எல் மெலிகி மனத்தை விட்டு அகலவில்லை. கடைசிக் காட்சியில் குதிரை அவரைத் தரதரவென இழுத்துச் செல்கிறது. ரத்தம் கசியும் விரல்கள் மண்ணையும் பருத்திச் செடிகளையும் விடாமல் பற்றுகின்றன. 1970இல் கான் திரைப்பட விழாவில் போட்டியிட்ட படம் இது.

இவர் பல்லாண்டுகள் வில்லனாகவே நடித்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. நம்பவே முடியவில்லை! ஷாஹீனின் 'அலெக்ஸாண்ட்ரியா... ஏன்?' படத்தில் வழக்கறிஞரான தந்தையாக வருவதையும் பார்த்துவிட்டேன். அதிலும் கண்களாலேயே பேசுகிறார்.

எனக்கு வேண்டியது அந்தப் பழைய வில்லன். 1950களில் நடிகர் ஃபரீத் ஷவ்கியோடு மோதிய கறுப்பு வெள்ளைப் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்? ஆங்கில வசன வரிகளோடு நல்ல பிரதி எங்கே கிடைக்கும்? நான் தேடிப் பிடித்த ஒன்றில் வசனம் ஓடி முடிந்த பிறகே எழுத்து வருகிறது. அவர் மிரட்டி முடித்த பின்தான் எனக்குப் பயம் வருகிறது. அரபு தெரிந்தவர்கள் படப் பெயர்களின் உச்சரிப்பையும் சேர்த்து எழுதினால் தேட வசதியாக இருக்கும்.