மாமல்லபுரத்தில் கடலோரப் பழைய வீடு: இடித்துக் கட்ட முடியுமா?

ஈசூன்வாசி:
மாமல்லபுரம் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீடு விலைக்கு வருது. மனை இரண்டு கிரவுண்டு, தரைத்தளம் மட்டும், கடல் சுமார் 150 மீட்டர். "இடிச்சுட்டு மூணு மாடி ஏத்துங்க, லீவுக்கு வந்து தங்கலாம், மத்த நாள் ஹோம்ஸ்டே விடலாம்" என்கிறார் தரகர். விலையும் அந்தக் கணக்கில்தான். முன்பணம் கொடுக்குமுன் எதைப் பார்க்கணும்? சிங்கப்பூர்க் குடிமகன், ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை) உண்டு, சிங்கப்பூர் வீவக (அரசு வீடமைப்புக் கழகம்) வீட்டில் இருக்கேன்.

உப்புக்காற்று:
அந்த ஊரில் இரண்டு கோடுகள் உண்டு. தரகர் இரண்டையும் சொல்ல மாட்டார்.

முதல் கோடு கடல். தூரத்தை அலை நனைக்கிற இடத்திலிருந்து அளக்கக் கூடாது, உயர் அலைக் கோட்டிலிருந்து (ஓதம் உச்சத்தில் ஏறுகிற எல்லை) அளக்கணும். சர்வே எண்ணை வைத்து, கடலோர மண்டல வரைபடத்தில் மனை எங்கே விழுதுன்னு அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் மாதிரி அங்கீகாரம் பெற்ற இடத்தில் எழுத்தில் வாங்குங்க. மத்திய அரசின் 2011 கடலோர மண்டல அறிவிக்கைப்படி மூன்றாம் மண்டலம் (அதிகம் கட்டடம் வராத, கிராமப்புறக் கடலோரம்) என்றால் 200 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கிடையாது. அனுமதியோடு கட்டிய பழைய வீட்டை அதே அடித்தளப் பரப்பு, அதே தளப்பரப்பு விகிதத்துக்குள் (மனைப் பரப்புக்கு எவ்வளவு கட்டடப் பரப்பு என்ற கணக்கு) திருப்பிக் கட்டலாம், அவ்வளவுதான். மூணு மாடி மறந்துடுங்க. 2019 அறிவிக்கை மக்கள் நெருக்கமான ஊர்களுக்கு அதை 50 மீட்டராகக் குறைச்சது; ஆனா புது வரைபடம் ஒப்புதலான இடத்தில்தான் அது செல்லும். இரண்டாம் மண்டலம் (ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்புறக் கடலோரம்) என்றால், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம் இருக்கணும்.

இரண்டாவது கோடு தொல்லியல் துறை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லையிலிருந்து (கோபுரத்திலிருந்து இல்லை) 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்கு முன்னனுமதி. தடைப்பகுதியில் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம், இடித்துக் கட்ட முடியாது. ஊருக்குள் சின்னங்கள் நெருக்கமா இருக்கு, வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். பேருந்து நிலையம் பக்கம் என்பது இங்கே பலம் இல்லை, சிக்கல்.

ஈசூன்வாசி:
பழைய அனுமதி நகல் தொலைஞ்சு போச்சாம். வீட்டு வரி ரசீது இருக்குன்னு சொல்றாங்க.

உப்புக்காற்று:
வரி ரசீது கட்டட அனுமதி ஆகாது. உள்ளாட்சி அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கித் தருவது விற்கிறவர் வேலை. அது வராதவரை பழைய வீட்டைக்கூடத் திருப்பிக் கட்டும் உரிமை உங்களுக்கு இருக்குன்னு வைக்காதீங்க.

கலவைக்காரன்:
வீட்டையும் பாருங்க. விட்டத்தின் அடியில் கம்பி ஓடும் வாக்கில் பழுப்புக் கீறல் இருந்தா, சுத்தியலால் லேசாத் தட்டுங்க. 'டொக்'குன்னு வெற்றொலி வந்தா உள்ளே கம்பி துருப்பிடிச்சு ஊதி, காங்கிரீட்டைத் தள்ளிட்டிருக்கு. மேல்பூச்சு பூசினா மறுபடி உதிரும். புதுசா வார்ப்பதா இருந்தா எம்30 கலவை (எம் எண் காங்கிரீட்டின் வலிமைத் தரம்), கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடல், கடல் சாரல் நேரா அடிச்சா எம்35, 50 மில்லிமீட்டர். கடல் மணல் ஒரு சட்டிகூடச் சேரக் கூடாது. இன்னொன்று: உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் ஆழ்துளைக் கிணறு கிடையாது. ஹோம்ஸ்டேக்குத் தண்ணி எங்கேன்னு இப்பவே கேளுங்க.

தேக்கா பக்கம்:
ஓசிஐ இருந்தா வீடு வாங்கலாம், விவசாய நிலம் கூடாது. பட்டாவில் வகைப்பாடு 'நத்தம்' (குடியிருப்பு நிலம்), 'புஞ்சை' (விவசாய நிலம்) எதுன்னு பாருங்க. வீடு நிக்குதுங்கிறதால நிலம் மாறிடாது. வீவக பக்கம், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடியாம வெளிநாட்டிலும் தனியார் வீடு வாங்க முடியாது. உங்க சார்பில் கையெழுத்திட ஒருத்தருக்குப் பொது அதிகாரப் பத்திரம் கொடுத்து வாங்கினா, சிங்கப்பூரில் கையெழுத்தான அந்தப் பத்திரம் இந்தியா போய்ச் சேர்ந்த மூணு மாசத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டணும். பதிவுக்கு 9 சதவீதம் தனியா ஒதுக்குங்க.

விலையை இப்ப இருக்கிற தரைத்தள வீட்டுக்கு மட்டும் பேசுங்க. கடலோர மண்டலம், தொல்லியல் துறை இரண்டு பற்றியும் எழுத்தில் கடிதம் கைக்கு வருமுன் முன்பணம் வேண்டாம்.